குட்டி வீசிய ஆடும் வீட்டிலிருக்கும் கர்ப்பிணியும்

விடியலில் கொட்டகையைத் திறந்தால், ஈனுவதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிற ஆட்டின் பின்னால் இரண்டு குட்டிகள் உயிரில்லாமல் கிடக்கின்றன. முடி முளைத்து, குளம்பு தெரிய, முழு உருவம் பெற்ற குட்டிகள். ஆடு வளர்ப்பவர்களில் இந்தக் காட்சியை ஒரு முறையாவது பார்க்காதவர்கள் குறைவு. அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். வீட்டுப் பெண் ஒருவர் வெறும் கையால் குட்டிகளை எடுத்து ஓரமாகப் போடுவார். தொங்கிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடி விழுந்ததும் அதையும் எடுத்து வெளியே எறிவார். நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடும். கொட்டகையைக் கூட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். கண் பட்டுவிட்டது, கிடாய் முட்டிவிட்டது, தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும். அடுத்த சந்தையில் அந்த ஆடு கைமாறிவிடும்.

கொட்டகையைச் சுத்தம் செய்த அந்தப் பெண் ஐந்தாறு மாதக் கர்ப்பிணியாக இருந்தால்? ஆடு ஏன் குட்டி வீசியது என்று கேட்காமல் விடுவது அப்போது ஆட்டோடு முடிகிற விஷயமாக இருக்காது.

ஆடுகளில் குட்டி வீச்சுக்குக் காரணங்கள் பல. புருசெல்லா கிருமி, பூனையின் கழிவு வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா, கியூ காய்ச்சல், ஆட்டுக்கொல்லி நோய், பூஞ்சை பிடித்த தீவனம், நிஜமாகவே கிடாய் முட்டியதும்கூட. இந்தப் பட்டியலில் நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுவது கிளமிடியா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியா. செம்மறியாடு அதிகம் வளர்க்கும் ஐரோப்பிய நாடுகளில் குட்டி வீச்சின் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. இந்தியாவிலும் ஆடுகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் இருப்பதைப் பல மாநிலங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, இது நமக்கு வெளிநாட்டு நோய் அல்ல. தேடாததால் தெரியாமல் இருக்கும் நோய்.

இதைக் கண்டுபிடித்த கதையே இந்தக் கிருமியின் குணத்தைச் சொல்லிவிடும். ஸ்காட்லாந்தின் செம்மறி மந்தைகளில் ஆண்டுதோறும் ஈனும் காலத்துக்குச் சற்று முன்பாகக் குட்டி வீச்சு நடந்துகொண்டிருந்தது. எடின்பரோவில் உள்ள மோர்டன் ஆய்வு நிலையத்தில் ஸ்டாம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் 1950இல் இது ஒரு தொற்று என்று நிறுவினார்கள். ஆனால், அதை வைரஸ் என்றே எழுதினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கிளமிடியா பாக்டீரியாவாக இருந்தாலும் வைரஸைப் போல உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். பாக்டீரியா வளர்க்கும் வழக்கமான தட்டில் வளராது. இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றும் ஆய்வகத்தில் சாதாரணக் கல்ச்சர் செய்து ‘எதுவும் வளரவில்லை’ என்று முடிவு வந்தால், கிளமிடியா இல்லை என்று அதற்குப் பொருளல்ல. நஞ்சுக்கொடியின் துண்டிலிருந்து சிறப்புச் சாயமேற்றியோ, பிசிஆர் முறையிலோ பார்த்தால்தான் தெரியும்.

மந்தைக்குள் இது நடந்துகொள்ளும் விதத்தை ஆடு வளர்ப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் விலைக்கு வாங்கி வந்த ஒரு பெட்டையோடுதான் கிருமி மந்தைக்குள் நுழைகிறது. பார்வைக்கு அந்த ஆட்டிடம் ஒரு குறையும் இருக்காது. சினையின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் குட்டி வீசும். அல்லது நிற்கக்கூட முடியாத நோஞ்சான் குட்டியை ஈனும். நஞ்சுக்கொடி மெல்லிய சவ்வாக இல்லாமல் தடித்து, தோல் போலச் சொரசொரப்பாக, அழுக்குச் செம்மண் நிறத்தில் இருக்கும். வெள்ளாடுகளில் சில நேரம் குட்டி வீசுவதற்குச் சில நாட்கள் முன்பே அழுக்குத் திரவம் வடியும். அந்த நஞ்சுக்கொடியிலும் திரவத்திலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். இரண்டு மூன்று வாரங்கள் வரை வடிதல் நிற்காது.

பக்கத்தில் நிற்கும் ஆடுகள் அந்த இடத்தில் மேய்வதாலும் நக்குவதாலும் கிருமியை உள்வாங்கும். அவை உடனே நோயைக் காட்டாது என்பதுதான் சிக்கல். சினையாக இல்லாத ஆட்டுக்குள்ளும், அப்போது பிறந்த பெட்டைக் குட்டிக்குள்ளும் கிருமி சத்தமில்லாமல் தங்கிவிடும். அடுத்த சினையில், அதுவும் கடைசி வாரங்களில், வெளிப்படும். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு குட்டி வீச்சு, ‘சரி, போகட்டும்’ என்று விடுகிறோம். அடுத்த ஆண்டு மந்தையில் நாலில் ஒரு பங்கு ஆடுகள்கூட வீசக்கூடும். அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்து, புதிதாக வந்த ஆடுகளிலும் முதல் ஈற்று ஆடுகளிலும் மட்டும் தொடரும். ஒரு முறை வீசிய ஆடு பெரும்பாலும் மறுமுறை வீசுவதில்லை. அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது.

இந்தக் கடைசி வரியில்தான் விவசாயியின் பணம் இருக்கிறது. குட்டி வீசிய ஆட்டை விற்றுவிட்டு இளம் பெட்டையை வாங்குவது நம் வழக்கம். காரணம் கிளமிடியாவாக இருந்தால், இதைவிடத் தவறான முடிவு இருக்க முடியாது. இனி வீச வாய்ப்பில்லாத ஆட்டை விற்றுவிட்டு, இனிமேல்தான் வீசப்போகிற ஆட்டை வாங்கி வந்து அதே கொட்டகையில் கட்டுகிறோம். விற்ற ஆடு வாங்கியவரின் மந்தைக்குள் கிருமியைக் கொண்டுபோகிறது. ஆக, சந்தையில் இரண்டு பேருக்கும் நஷ்டம், தரகருக்கு மட்டும் லாபம்.

ஆனால், காரணம் புருசெல்லாவாக இருந்தால் கணக்கு தலைகீழ். அந்த ஆட்டை மந்தையில் வைத்திருக்கவே கூடாது. கிருமியைத் தொடர்ந்து பாலிலும் வடிதலிலும் வெளியேற்றிக்கொண்டிருக்கும். மனிதர்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும். கொட்டகையில் கிடக்கும் இறந்த குட்டியைப் பார்த்து இது எந்த வகை என்று அனுபவம் மிக்க கால்நடை மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடையாளம் ஒன்று, எடுக்க வேண்டிய முடிவு இரண்டு. பரிசோதனை செய்யாமல் எடுக்கும் எந்த முடிவும் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

இனி வீட்டுக்குள் வருவோம். கிளமிடியா அபார்ட்டஸ் ஆட்டின் நஞ்சுக்கொடியில் எந்த வகைச் செல்களைத் தாக்குகிறதோ, கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியிலும் அதே வகைச் செல்களைத் தாக்கும். முதலில் சாதாரணக் காய்ச்சல்போலத் தொடங்கும். தலைவலி, உடல்வலி, குளிர். சில நாட்களில் கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். ரத்தம் உறையும் தன்மை கெட்டு, தாயின் உயிருக்கே ஆபத்து வந்த நிகழ்வுகளும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. இது அடிக்கடி நடப்பது அல்ல. அரிது என்றே மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால், பிரிட்டனின் சுகாதாரத் துறை ஒவ்வோர் ஆண்டும் செம்மறி ஈனும் பருவத்தில் கர்ப்பிணிகளுக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. பிரசவம் பார்க்க உதவாதீர்கள், பால் கறக்காதீர்கள், புதிதாய்ப் பிறந்த குட்டியைத் தொடாதீர்கள், கணவர் கொட்டகைக்குப் போட்டுச் சென்ற உடையையும் செருப்பையும்கூடக் கையாளாதீர்கள் என்று அதில் சொல்லப்படுகிறது. இங்கே அப்படி ஓர் அறிவிப்பை நாம் கேட்டதில்லை.

அங்கே கர்ப்பிணி கொட்டகைப் பக்கம் போகாமல் இருக்க முடியும். இங்கே நிலைமை வேறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி நாலைந்து ஆடு வைத்திருக்கும் வீடுகளில் இருக்கிறது. பராமரிப்பவர்கள் பெண்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டமும் ஏழைப் பெண்களின் கையில்தான் நான்கு நான்கு ஆடுகளாகக் கொடுத்தது. நல்ல திட்டம், பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அந்த ஆடுகளால் நடந்தன. ஆடு கொடுத்தபோது தீவனம் பற்றியும் குடற்புழு நீக்கம் பற்றியும் சொன்னோம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது ஆட்டுக்குப் பிரசவம் பார்க்காதே என்று யாராவது சொன்னார்களா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கூச்சமாக இருந்தாலும். கிளமிடியா என்ற பெயரைக் கேட்டதும் மருத்துவமனைகளில் முதலில் நினைவுக்கு வருவது பாலுறவால் பரவும் நோய். அது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ். ஒரே குடும்பத்தின் வேறோர் உறுப்பினர். ஆட்டிலிருந்து வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பாலுறவு நோய்க்கான வழக்கமான பரிசோதனையில் ஆட்டுக் கிருமி தெரியவும் தெரியாது. ஏதாவது ஓர் ஆய்வக அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் மேல் பழிபோடும் நிலை எந்த வீட்டிலும் வந்துவிடக் கூடாது. கிராமங்களில் வேலை செய்யும் விரிவாக்க அலுவலர்களும் செவிலியர்களும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

அதே டிரக்கோமாட்டிஸ் கிருமியின் வேறு வகைகள்தான் டிரக்கோமா என்ற கண்நோயையும் உண்டாக்குகின்றன. கையாலும் துணியாலும் ஈயாலும் பரவி, இமை உள்பக்கம் சுருண்டு, முடி கருவிழியைக் கீறிக் கீறிப் பார்வையைப் பறிக்கும் நோய் அது. நம் நாட்டின் வடமேற்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் ஊர் ஊராக இருந்தது. 1963இல் தேசிய அளவில் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா டிரக்கோமாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முகம் கழுவுதல், கழிப்பறை, மாத்திரை, அறுவைச் சிகிச்சை எல்லாம் சேர்ந்து சாதித்தது இது. மனிதக் கண்ணுக்குச் செய்ததை ஆட்டுக் கொட்டகைக்குச் செய்ய முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. செய்ய முடியும், ஆனால் அங்கே ஒரே துறை போதுமானதாக இருந்தது. இங்கே இரண்டு துறைகள் பேசிக்கொள்ள வேண்டும்.

வாத்து, புறா வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளமிடியா சிட்டாசி என்பது பறவைகளின் கிருமி. கிளிக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரிலிருந்து வந்த பெயர். 1929-30இல் தென் அமெரிக்கக் கிளிகளோடு பல நாடுகளுக்குப் பரவி நிமோனியாவால் மக்களைக் கொன்றபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. கிளியோடு நிற்கவில்லை. 2018இல் அமெரிக்காவில் கோழி இறைச்சிக் கூடங்களின் தொழிலாளர்களுக்கு வந்தது. 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் ஐரோப்பாவின் சில நாடுகளில் கூடி, ஐந்து பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. வெந்த கறியாலோ முட்டையாலோ அல்ல. புறாக்கூண்டைக் கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கடும் தலைவலியோடு காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் மருத்துவரிடம் வாத்தைப் பற்றிச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துக்கு இது நன்றாகக் கட்டுப்படும். நேரத்தில் கொடுத்தால்.

‘மருத்துவரிடம் ஆட்டைப் பற்றிச் சொல்லுங்கள், வாத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று வாசகரிடமே பாரத்தை ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெங்கு, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று எல்லாம் பார்ப்பார்கள். ‘வீட்டில் ஆடு இருக்கிறதா, சமீபத்தில் குட்டி வீசியதா’ என்று கேட்கும் படிவம் இல்லை. பென்சிலின் வகை மருந்துகளை இந்தக் கிருமிக்கு நம்ப முடியாது. கர்ப்ப காலத்திலும் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்து என்று தீர்மானிக்க, ஆட்டைப் பற்றிய அந்த ஒரு கேள்வி தேவை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரமும் பிக்மி எண்ணோடு பதிவாகிறது. அந்தப் பதிவில் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்கப் பெரிய நிதி வேண்டாம், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய அளவுக்குச் சிக்கலும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதே வாசலில் ஆடு கட்டியிருப்பதைப் பார்க்கத்தான் செய்கிறார்.

கால்நடைத் துறையின் பக்கம் வேலை கொஞ்சம் அதிகம். 2019இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் புருசெல்லா தடுப்பூசி மாட்டுக்கும் எருமைக்கும் பிறந்த பெண் கன்றுகளுக்குத்தான். ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடுகிறோம், அதில் நல்ல பலனும் கண்டிருக்கிறோம். ஆனால், ஆட்டின் குட்டி வீச்சு எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. மாவட்டந்தோறும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. குட்டி வீச்சு என்று தகவல் வந்தால் மாதிரி எடுப்பதும், சில நாட்களுக்குள் முடிவை வளர்ப்பவரின் கைபேசிக்கே சொல்வதும் அவற்றின் வழக்கமான பணியாக வேண்டும். முடிவு திரும்பி வராத மாதிரிக்காக யாரும் இரண்டாம் முறை பஸ் ஏற மாட்டார்கள். புருசெல்லா என்று முடிவு வந்து ஆட்டை அகற்றச் சொன்னால் இழப்பீடும் வேண்டும். நாலு ஆடு வைத்திருப்பவரிடம் ஒரு ஆட்டைக் கழித்துவிடு என்று வெறுங்கையோடு சொன்னால், அவர் அடுத்த முறை தகவலே சொல்ல மாட்டார். சந்தைக்குத்தான் ஓட்டிப்போவார்.

கிடை போடும் கீதாரிகளை எந்தப் படிவமும் எட்டாது. பல பேரின் ஆடுகள் ஒரே கிடையில் அடைகின்றன, ஈனுகின்றன, ஊர் மாறுகின்றன. ஒரு வயலில் விழுந்த நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப்போனால் அந்தக் கிருமி எந்த ஊரில் முடியும் என்று சொல்ல முடியாது. கிடை இறங்கும் ஊரின் கால்நடை மருத்துவர் ஒரு முறை கிடைக்குப் போய்வருவதே நல்ல தொடக்கம்.

மருந்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். மந்தையில் வீச்சு தொடங்கிவிட்டால், மற்ற சினை ஆடுகளுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. அது வீச்சின் எண்ணிக்கையைக் குறைக்கும். கிருமியை ஒழிக்காது, ஏற்கெனவே கெட்டுவிட்ட நஞ்சுக்கொடியைச் சரிசெய்யாது. ஊசி போட்டாகிவிட்டது என்று வெறும் கையோடு பிரசவம் பார்க்கக் கூடாது. கடையில் தானாக வாங்கிப் போடுவதும், போட்ட சில நாட்களிலேயே பாலைக் கறந்து குழந்தைக்குக் கொடுப்பதும் வேறு வம்புகள்.

பசு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பால் பெருகும் என்ற நம்பிக்கையால் கட்டினாலும், நாய்க்கு எட்டாமல் போனது அதில் கிடைத்த பயன். காக்கைக்கு எட்டும் என்பது வேறு விஷயம். ஆட்டின் நஞ்சுக்கொடிக்கு அந்த மரியாதைகூட இல்லை. அதை நாய் தின்னட்டும் என்று விடாமல் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போட்டு ஆழமாகப் புதையுங்கள், அல்லது படுக்கைக் கூளத்தோடு சேர்த்து எரியுங்கள். கையுறை இல்லாவிட்டால் உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பாலித்தீன் உறையைக் கழுவிக் காயவைத்துக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். வீசிய ஆட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். தாயில்லாத பெட்டைக் குட்டியை அதன் மடியில் ஊட்டவிடாதீர்கள். கொட்டகை உடையை வாசலிலேயே கழற்றி, அதைப் போட்டவரே அலசட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், ஈனும் மாதத்தில் ஆட்டு வேலையை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண் இல்லாத வீடென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், நாளைக்கு அவர்களுக்கும் அந்த உதவி தேவைப்படும்.

குட்டி வீசிய அன்றே 1962 எண்ணுக்கு அழைத்தோ, கால்நடை மருந்தகத்துக்குச் சென்றோ சொல்லுங்கள். ரத்தத்தைவிட நஞ்சுக்கொடிதான் முக்கியமான மாதிரி. கையகலத் துண்டு ஒன்றை, மண் ஒட்டாத பகுதியாகப் பார்த்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஐஸ் வைத்த பையில் வையுங்கள். நஞ்சுக்கொடி கிடைக்காவிட்டால் இறந்த குட்டியையே பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோகலாம். எந்த மாதச் சினை, எத்தனையாவது ஈற்று, ஆடு எங்கே வாங்கியது, மந்தையில் இதுவரை எத்தனை வீசியிருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். அந்த வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.